எரிக்கச் சொல்லி வந்த இசைத்தட்டு



மூன்று வாரங்களுக்கு முன் நம் சபையின் தகப்பனார் ஒருவர், செய்தித்தாளில் பொதிந்த சதுரமான ஒரு பொருளைக் குருமனைக்குக் கொண்டுவந்தார். பிரித்துப் பார்த்தேன், 12 அங்குல இசைத்தட்டு. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்துப் பிளாக் சபாத் குழுவினர் 1970 பிப்ரவரி 13 அன்று வெளியிட்ட முதல் தொகுப்பின் மறுபதிப்பு. கல்லூரியில் படிக்கும் மகன் கைச்செலவுப் பணத்தைச் சேர்த்து வாங்கி, அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தானாம். "ஐயா, ஜெபம் பண்ணி இதை எரித்துவிடுங்கள்" என்றார். அவருடைய இசைவையும் மகனுடைய இசைவையும் கேட்ட பின்னரே இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் எரிக்கவில்லை. காரணத்தைச் சபையார் அறிவது நல்லது.

தகப்பனாரின் கலக்கம் நியாயமானதே. ஓய்வுநாளைக் கறுப்பாக்கும் பெயர். அட்டையில் பழைய நீராலையின் முன் நிற்கும் கறுப்பு உடைப் பெண். முதற்பதிப்பின் உள்ளட்டையிலோ தலைகீழான சிலுவை. ஆனால் அந்தச் சிலுவையை வைத்தது இசைத்தட்டு நிறுவனம். தங்களைக் கேளாமலே அது நடந்ததென்று குழுவினர் பின்னர் வருந்தியிருக்கின்றனர். பெயரோ ஒரு திகில் திரைப்படத்தினுடையது. அவர்கள் கழுத்தில் அணிந்த சிலுவைகளைச் செய்து கொடுத்தவர், கருவிப் பட்டறையில் உழைத்த பாடகரின் தந்தை.

முதற்பாட்டு மழையோடும் ஆலயமணியோடும் தொடங்குகிறது. இருளில் நிற்கும் உருவத்தைக் கண்டு நடுங்கும் மனிதன் ஒருவன், தேவனை நோக்கித்தான் உதவி கேட்டுக் கதறுகிறான். அவன் அவ்வுருவத்தைத் தொழவில்லை; அஞ்சுகிறான். இருளிலேயே முடிகிற 88ஆம் சங்கீதத்தை வேதத்தில் வைத்திருக்கிற நாம் இக்கதறலைக் கேட்டு ஏன் காதைப் பொத்த வேண்டும்? அப்பாட்டின் சுர இடைவெளியைப் பிசாசின் சுரம் என்று மேனாட்டார் பழித்ததுண்டு. சட்ஜத்திலிருந்து பிரதி மத்திமத்திற்கு உள்ள தூரம்தான் அது. நம் கீர்த்தனைகளுக்குப் பழக்கமான கல்யாணி இராகத்தில் அந்த மத்திமமே இருக்கிறது!

அக்குழுவின் கிதார் கலைஞர் டோனி அயோமி, தமது 17ஆம் வயதில், தகட்டு ஆலை வேலையின் கடைசி நாளில், இயந்திரத்தில் வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்தவர். இடக்கைப் பழக்கமுள்ள அவருக்கு நரம்பை அழுத்த வேண்டிய கை அதுவே. பிளாஸ்டிக்கை உருக்கி விரலுறை செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். முந்திரி ஆலையில் தோட்டெண்ணெய் பட்டு வெந்த விரல்களை நற்கருணையின்போது நான் கண்டிருக்கிறேன். அந்த ஒலியின் கனம் எங்கிருந்து வந்ததென்று நம் மாவட்டத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. மதுரை அரசரடியில் நான் இறையியல் பயின்ற இறையியல் கல்லூரியில் தியாப்பிலஸ் அப்பாவு ஐயர் பறையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தபோதும் முகஞ்சுளித்தவர்கள் இருந்தார்கள். (அன்று நானும் சற்றே சுளித்தேன்.)

எபேசுவில் நூல்களை எரித்தார்களே என்று கேட்பீர்கள். அப்போஸ்தலர் 19ஆம் அதிகாரத்தை மறுபடியும் வாசியுங்கள். 50,000 வெள்ளிக்காசு பெறுமதியான அந்நூல்களைக் கொண்டுவந்தவர்கள் அவற்றின் சொந்தக்காரர்கள். தங்கள் செய்கைகளைத் தாங்களே அறிக்கையிட்டு, தங்கள் கையாலே எரித்தார்கள். பவுல் கட்டளையிட்டதாக ஒரு வார்த்தையும் இல்லை. மகனுடையதைத் தகப்பன் எடுத்து வந்ததாகவும் இல்லை.

இதை நான் தாமதமாகவே கற்றேன். மலையோரச் சபையொன்றில் இளம் போதகனாக இருந்த நாளில், கன்வென்ஷனின் கடைசி இரவில் இதே அதிகாரத்தைப் பிரசங்கித்து, வாலிபர்களின் ஒலிநாடாக்களைக் குவித்துத் தீயிட்டேன். ஒரு பையன் மட்டும் தயங்கி நின்றான். சவுதியில் வேலைபார்த்த அண்ணன் அனுப்பிய ஒலிநாடாக்கள் அவை; மற்றவர்கள் அவன் கையிலிருந்து பிடுங்கியபோது நான் தடுக்கவில்லை, மேடையில் நின்று ஸ்தோத்திரம் சொன்னேன். அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் அவன் தாயின் அடக்க ஆராதனையை நடத்தச் சென்றேன். ஆலயத்தின் வெளிவாசலிலேயே நின்றுவிட்டு, கல்லறைக்கு மட்டும் வந்தான். என்னோடு பேசவில்லை. அந்தத் தீயில் எந்தப் பிசாசு வெந்ததென்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

இவ்விசை முழுவதும் தீங்கற்றதென்று நான் சொல்லவில்லை. நார்வேயில் 1990களின் தொடக்கத்தில், இதன் கிளையொன்றைச் சேர்ந்த இளைஞர் சிலர் ஆலயங்களையே கொளுத்தித் தண்டனை பெற்றனர். நிந்தனையையே தொழிலாகக் கொண்ட குழுக்களும் உண்டு. எது எத்தகையது என்று பகுத்தறிய நம் பிள்ளைகளுக்குத் துணை வேண்டும். கேளாமலே தீர்ப்புச் சொல்லுகிற பெரியவர்களிடம் அவர்கள் எதையும் கொண்டுவர மாட்டார்கள். துணிகளுக்கு அடியில்தான் வைப்பார்கள்.

தகப்பனாரிடம் இவையெல்லாவற்றையும் சொன்னேன். முழுவதும் ஒப்பினார் என்று சொல்ல இயலாது. "நீங்களே இப்படிச் சொன்னால் எப்படி ஐயா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். பின்பு மகனைத் தொலைபேசியில் அழைத்தேன். எடுத்தவுடன் அவன் கேட்டது ஒன்றே: "எரிச்சாச்சா ஐயா?"

இசைத்தட்டு என் மேசையின்மேல், ஆராதனை ஒழுங்குப் புத்தகத்தின் அருகே இருக்கிறது. சனிக்கிழமை மாலை அதை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டிற்குச் செல்கிறேன். அதை ஓட்டும் கருவி அவனிடம்தான் இருக்கிறது. தகப்பனாரையும் உடன் உட்காரும்படி கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் சொல்லவில்லை.