எம்.சி. கிடைக்காத வலி

காலை ஆறு மணிக்கு மைக் முன்னால் உட்கார்ந்து உங்களுக்கு வணக்கம் சொல்வதுதான் என் வேலை. சென்ற ஆண்டு சில மாதங்கள், அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்குள் எனக்கு வாய் உலர்ந்துவிடும். உட்கார்ந்த இடத்திலேயே நெஞ்சு படபடக்கும். காஸ்திரிக்தான் என்று நானே முடிவு கட்டி, மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தேன்.

இது பரம்பரைப் பழக்கம். என் பாட்டி ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்தில் மரம் சீவியவர். கைக்குழந்தையைப் பறிகொடுத்த பிறகு ஒரு வருஷம் முழுக்க அவருக்குத் தலைவலியாம். “அழுகையா வருதுன்னு சொன்னா யாரும்மா எம்.சி. குடுப்பா? தலவலின்னா டிரெசரு மாத்திரையும் குடுப்பாரு, ஒரு நாளு லீவும் குடுப்பாரு” என்பார். எந்த வலிக்கு மருந்து உண்டோ அந்த வலியைத்தான் சொல்ல முடியும். துக்கத்தைத் தலைவலியாக மாற்றிச் சொல்லப் பழகியவர்களின் பேத்தி நான். படபடப்பைக் காஸ்திரிக் என்றதில் ஆச்சரியமில்லை.

மாத்திரை கேட்காமல் போகவே, ஒரு ரிங்கிட் கொடுத்து அரசாங்க கிளினிக்கில் நம்பர் எடுத்தேன். மருத்துவர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு ஒரு தாளை நீட்டினார். மலாயில் 21 வாக்கியங்கள். ‘டாஸ்’ என்பார்கள், ஆஸ்திரேலியாவில் உருவான அளவுகோல். மன அழுத்தம், பதற்றம், மனச்சோர்வு மூன்றுக்கும் ஏழேழு வாக்கியம். போன ஒரு வாரத்தில் இது உங்களுக்கு எந்த அளவு இருந்தது என்று 0 முதல் 3 வரை போட வேண்டும். இரண்டாவது வாக்கியமே வாய் உலர்வதைப் பற்றி! ஓடாமல் ஆடாமல் நெஞ்சு படபடப்பதும் அதே தாளில் இருந்தது. நான் யாரிடமும் சொல்லாததை யாரோ முன்கூட்டியே எழுதி வைத்திருந்த மாதிரி இருந்தது. எனக்குப் பதற்றத்தின் புள்ளிதான் ஏறியிருந்தது. அந்தத் தாள் நோயைத் தீர்மானிக்காது, யாரைப் பார்க்க வேண்டும் என்று வழிதான் காட்டும் என்றார் மருத்துவர். பெயர் தெரிந்ததிலேயே பாதி பயம் போய்விட்டது. மீதிப் பாதிக்கு ஆலோசகரிடம் பல வாரம் போனேன்.

உடம்பையும் மனசையும் கவனிப்பது என்றால் முகத்துக்கு ஃபேஷியல், வார இறுதியில் போர்ட்டிக்சன் கடற்கரை என்றே நினைத்திருந்தேன். (இரண்டும் இன்னும் பிடிக்கும்.) படிப்பதும் அதில் சேரும் என்று தோன்றவில்லை. 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் 16 வயதுக்கு மேற்பட்டோரில் ஏறக்குறைய 10 லட்சம் பேருக்கு மனச்சோர்வு. 2019ஐவிட இரண்டு மடங்கு. அதே 2023இல்தான் தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவை நீக்கினார்கள். அதுவரை தற்கொலைக்கு முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை கிடைக்கலாம். பிறகு எந்த வீட்டில் வாயைத் திறப்பார்கள்? “வழுக்கி விழுந்துட்டான்” என்றுதான் சொல்வார்கள். இன்னும் பலருக்கு இந்த மாற்றம் தெரியாது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் 15555 எண்ணோ, பிஃப்ரெண்டர்ஸின் 03-7627 2929 எண்ணோ கைப்பேசியில் இருக்கட்டும்.

போன மாதம் மெர்லிமாவில் அம்மாவிடம் அந்தத் தாளைத் தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்தேன். அப்பா போன பிறகு அவருக்கு ‘தலை பாரம்’. முதலில் சிரித்தார். “வாயி காயுதான்னெல்லாமா கேப்பாங்க?” வெங்காயம் உரித்துக்கொண்டே 0, 1 என்று சொல்லிவந்தார். எதிர்பார்த்துக் காத்திருக்க ஒன்றுமே இல்லை என்பது போன்ற வாக்கியம் வந்ததும் கத்தியைக் கீழே வைத்தார்.

“அத இன்னொரு தடவ படி.”

படித்தேன். மூன்று என்றார். திங்கட்கிழமை இருவரும் கிளினிக்கில் நம்பர் எடுத்து உட்கார்ந்திருந்தோம். கவுண்டரில் என்ன உபாதை என்று கேட்டார்கள். அம்மா என்னைப் பார்த்தார். பிறகு அவரே சொன்னார், தலைவலி என்று சொல்லவில்லை.