டெபாசிட் யாரைத் தடுக்கிறது?

தேர்தல் நடத்தும் அலுவலரின் அறையில் ஒருவர் துணிமூட்டையை அவிழ்த்து மேசையில் கொட்டுகிறார். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் நாணயங்கள். சட்டமன்றம் என்றால் 10,000 ரூபாய். மக்களவை என்றால் 25,000. ஊழியர்கள் இருவர் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணத் தொடங்குகிறார்கள். பின்னால் அடுத்த வேட்பாளர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். வாசலில் டிவி கேமராக்கள். மறுநாள் பேப்பரில் அது பெட்டிச் செய்தி. படிப்பவர் சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புவார். ஒவ்வொரு தேர்தலிலும் இதே கதைதான். நம் பத்திரிகையும் அந்தப் பெட்டிச் செய்தியைப் போடத் தவறியதில்லை.

அந்தச் சிரிப்பில்தான் இப்போது நமக்கு உடன்பாடில்லை. ஜெயிக்க வழியில்லாதவன் எதற்கு நிற்கிறான், டெபாசிட்டை ஏற்றினால் இந்தக் கூட்டம் ஒழியும் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. டீக்கடையோடு நிற்கும் பேச்சல்ல இது. 2015-இல் சட்ட ஆணையம் தன் 255-ஆவது அறிக்கையில், சுயேச்சைகள் போட்டியிடுவதையே தடை செய்யலாம் என்று பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை தவறு. தொகையை ஏற்றச் சொல்வதும் தவறு. டெபாசிட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தொகுதி வாக்காளர்களின் கையெழுத்தை வைக்க வேண்டும் என்பதே நம் நிலை.

1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் வைத்த தொகை மக்களவைக்கு 500 ரூபாய், சட்டமன்றத்துக்கு 250. 1996 வரை அதுவேதான். அந்த ஆண்டின் மக்களவைத் தேர்தலில் 13,952 பேர் நின்றார்கள். பிறகு தொகை 10,000, 5,000 என்று ஏற, 1998-இல் வேட்பாளர்கள் 4,750 ஆகக் குறைந்தார்கள். ஏற்றச் சொல்பவர்கள் காட்டும் கணக்கு இது, மறுப்பதற்கில்லை. ஆனால் அடுத்த ஏற்றத்தை அவர்கள் சொல்வதில்லை. 2009-இல் சட்டம் திருத்தப்பட்டு மக்களவைக்கான தொகை 25,000 ஆனது. 2009 தேர்தலில் பழைய தொகை கட்டி நின்றவர்கள் 8,070 பேர். 2014-இல் புதுத் தொகை கட்டி நின்றவர்கள் 8,251 பேர். 2024-இல் 8,360. இரண்டரை மடங்கு ஏற்றியும் கூட்டம் குறையவில்லை.

சரி, 1996-இல் நின்றவர்கள் யார்? ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சியைப் பாருங்கள். அந்த ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் அந்த ஒரு தொகுதியில் மட்டும் 1,033 வேட்பாளர்கள். தங்கள் குறைகளை எந்த அரசும் காதில் வாங்கவில்லை என்று விவசாயிகள் கூட்டம் கூட்டமாகப் போய் மனுப் போட்டார்கள். வாக்குப்பதிவையே தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. வாக்குச்சீட்டு புத்தகமாக அச்சாகி வந்தது. வாக்காளர் பக்கம் பக்கமாகப் புரட்டித் தம் சின்னத்தைத் தேடி, முத்திரை குத்தி, அந்தப் புத்தகத்தையே பெட்டிக்குள் தள்ள வேண்டும். அதற்குப் பெரிய பெட்டி வேறு. தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் வென்றார். நின்ற விவசாயிகளுக்கு டெபாசிட் போயிற்று. அதே ஆண்டு ஆந்திரத்தின் நல்கொண்டாவில் 480 பேர் மக்களவைக்கு நின்றார்கள். குடிநீரில் ஃபுளோரைடு கலந்து எலும்பு வளைந்துபோன ஊர்களின் முறையீடு அது. இவர்களை விளையாட்டு வேட்பாளர்கள் என்று எந்த மனசோடு சொல்வது? மனு எழுதி, மறியல் செய்து, எல்லாம் ஓய்ந்த பிறகு கையில் மிஞ்சிய கடைசிக் காகிதம் வேட்புமனு.

இன்று மொடக்குறிச்சியில் ஆயிரம் விவசாயிகள் சட்டமன்றத்துக்கு நிற்க நினைத்தால் ஒரு கோடி ரூபாய் கட்ட வேண்டும். 2019-இல் தெலங்கானாவின் நிஜாமாபாதில் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தார்கள். மஞ்சளுக்கு விலையும் வாரியமும் கேட்டு 170-க்கும் மேற்பட்ட விவசாயிகள் மக்களவைக்கு நின்றார்கள். மொத்தம் 185 வேட்பாளர்கள். ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் பன்னிரண்டு இயந்திரப் பெட்டிகளை வரிசையாக வைத்து ஓட்டுப் போட வைத்தார்கள். விவசாயிகள் கட்டிய தொகை நாற்பது லட்சத்துக்குக் குறையாது. அத்தனையும் அரசுக் கணக்கில் போய்ச் சேர்ந்தது. ஆனால் அன்றைய முதல்வரின் மகளும் எம்.பி.யுமான கவிதா தோற்றார். 2025 ஜனவரியில் தேசிய மஞ்சள் வாரியம் நிஜாமாபாதைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. தோற்ற வேட்புமனுவால் ஒன்றும் ஆகாது என்பவர்கள் அங்கே போய்ச் சொல்லிப் பார்க்கலாம்.

டம்மிகளை என்ன செய்வது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2024-இல் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் சுயேச்சையாக நின்றார். வாக்குப்பதிவு இயந்திரத்தில் அவரோடு சேர்த்து ஆறு பன்னீர்செல்வங்கள்! ஆளுக்கு 25,000 ரூபாய் என்ற வேலி அந்த ஐந்து பேரைத் தடுத்ததா? ஒரு வேட்பாளர் மக்களவைத் தேர்தலுக்கு 95 லட்சம் வரை செலவழிக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. கட்சியின் செலவுக்கு உச்சவரம்பே கிடையாது. ஓட்டைப் பிரிக்க ஆள் தேடுபவருக்கு 25,000 ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு. ஆள் பின்னால் இல்லாத கைத்தறிக்காரருக்கோ, மீனவப் பெண்ணுக்கோ அது ஒரு வருடச் சேமிப்பு. தடுக்க வேண்டியவரை விட்டுவிட்டு மற்றவரைப் பிடிக்கும் சல்லடை இது.

சுயேச்சை என்றால் டெபாசிட் போகிறவர் என்ற நினைப்புக்கும் ஆர்.கே. நகர் பதில் சொல்லியாயிற்று. 2017 டிசம்பர் இடைத்தேர்தலில் சுயேச்சையான டி.டி.வி. தினகரன் குக்கர் சின்னத்தில் வென்றார். டெபாசிட்டைப் பறிகொடுத்தது தி.மு.க. அதே தொகுதியில் அதே ஆண்டு ஏப்ரலில் பணப் பட்டுவாடாவால் தேர்தலே ரத்தானது. அந்தப் பணம் டெபாசிட் கட்ட முடியாதவர்களின் பணமல்ல.

இன்னொரு ஊர், சூரத். 2024-இல் காங்கிரஸ் வேட்பாளரின் மனுவில் இருந்த கையெழுத்து எங்களுடையதல்ல என்று முன்மொழிந்தவர்களே சொல்ல, மனு தள்ளுபடியானது. மிச்சமிருந்த எட்டுப் பேரும் வாபஸ் வாங்கினார்கள். பா.ஜ.க. வேட்பாளர் போட்டியின்றித் தேர்வானார். ஒரே ஒரு சுயேச்சை பிடிவாதமாக நின்றிருந்தால்கூட அந்த ஊர் வாக்காளர் பூத்துக்குப் போயிருப்பார். மேட்டூர் பத்மராஜனைத் ‘தேர்தல் மன்னன்’ என்று நாம் கேலி கலந்து எழுதுகிறோமே, 1988 முதல் சட்டமன்றம், மக்களவை என்று இருநூறு தடவைக்கு மேல் நின்று தோற்ற டயர் கடைக்காரர். அவரைப் போல ஒருவர் அன்று சூரத்தில் இல்லை.

கட்சி ஆளுக்கும் தனி ஆளுக்கும் சட்டம் காட்டும் பாரபட்சமும் கொஞ்சமல்ல. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளரை முன்மொழிய ஒருவர் போதும்; சுயேச்சைக்குப் பத்துப் பேர். சுயேச்சைக்குச் சின்னம் வாபஸ் நாள் முடிந்த பிறகே கிடைக்கும். அதை ஊர் ஊராகக் கொண்டு சேர்க்க ஏறக்குறைய இரண்டே வாரம். கட்சி வேட்பாளர் இறந்தால் வாக்குப்பதிவு தள்ளிப்போகும். சுயேச்சை இறந்தால் அதுவும் இல்லை.

நாம் கேட்பது பெரிய மாற்றமல்ல. கட்சிக்காரரோ சுயேச்சையோ, சட்டமன்றத்துக்கு அந்தத் தொகுதியின் வாக்காளர்கள் 200 பேர், மக்களவைக்கு 500 பேர் கையெழுத்திடட்டும். டெபாசிட் வேண்டாம். கையெழுத்தையும் விலைக்கு வாங்குவார்களே என்றால், வாங்கத்தான் பார்ப்பார்கள். ஆனால் 500 பேரை வீடு வீடாகப் போய்ச் சம்மதிக்க வைப்பது, பெயர் ஒற்றுமைக்காகப் பிடித்து வரப்பட்டவரால் முடிகிற காரியமல்ல. சூரத்தில் நடந்ததுபோல மூன்று பேர் பல்டியடித்தால் மனு கவிழும் ஆபத்தும் இருக்காது. கனடாவில் 1,000 டாலர் டெபாசிட் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2017-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்று அங்கே வாக்காளர் கையெழுத்து மட்டும்தான். அந்த நாட்டுத் தேர்தல் ஒன்றும் குலைந்துவிடவில்லை.

அதுவரையிலாவது, டெபாசிட்டைத் திருப்பிப் பெற வேண்டிய ஆறில் ஒரு பங்கு ஓட்டு என்ற வரம்பைக் குறைக்கலாம். பிரிட்டனில் 5 சதவீதம் போதும். இதற்கு அரசியல் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை. தொகையை ஏற்ற 1996-லும் 2009-லும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைக் கையிலெடுத்த நாடாளுமன்றம், அதே சட்டத்தை இன்னொரு முறை திறந்தால் போதும்.