பச்சைக்கிளியைக் கூண்டுல அடைச்சுட்டு அதுக்குப் பாசம்னு பேர் வைக்காதீங்க

1/ கிளி "அக்கா வா", "சாப்ட்டியா"ன்னு பேசுற ரீல்ஸ் ஒன்னு வந்தா போதும், கமெண்ட்ல பாதிப்பேர் கேட்கிற கேள்வி: "எங்க கிடைக்கும், என்ன விலை?" அந்தக் கேள்வியைக் கேட்கிறவங்களுக்குத்தான் இந்த இழை. நான் அரசு மருத்துவமனை டாக்டர், கால்நடை டாக்டர் இல்ல. ஆனா இதுல உங்க நுரையீரலும் சம்பந்தப்பட்டிருக்கு. கொஞ்சம் நீளம். முழுசா படிங்க.

2/ முதல்ல சட்டம். நம்ம ஊர் பச்சைக்கிளி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் கீழ் வருது. 2022 திருத்தத்துக்கு அப்புறம் அட்டவணை 2-ல இருக்கு. பிடிக்கிறது, விற்கிறது, வாங்குறது, வீட்ல வளர்க்கிறது எல்லாமே குற்றம். சிறைத் தண்டனையே உண்டு. "எங்க தாத்தா காலத்துலேர்ந்து வளர்க்கிறோம்"ங்கிறது சட்டத்துல செல்லாது.

3/ "நான் பிடிக்கலையே, காசு கொடுத்துதானே வாங்கினேன்" என்பார்கள். பச்சைக்கிளிக்குப் பண்ணை கிடையாது. மரப்பொந்துல கையை விட்டு, இறக்கை முளைக்காத குஞ்சை எடுத்து, அட்டைப்பெட்டியில அடைச்சுக் கொண்டு வர்றாங்க. வழியில செத்தது போக மிஞ்சினதுதான் உங்க கைக்கு வருது. நீங்க கொடுக்கிற காசுதான் அடுத்த பொந்துக்குள்ள கையை விட வைக்குது.

4/ அடுத்து, "பேசுதே, சந்தோஷமா இருக்கே!" கிளி கூட்டமா வாழுற பறவை. கூட்டத்தோட குரலைக் கேட்டு, அதே மாதிரி கத்தி, "நானும் உங்க ஆள்தான்"னு சொல்றது அதோட இயல்பு. கூண்டுல தனியா கிடக்கிற கிளிக்கு வேற கூட்டம் ஏது? உங்க குரலைப் பிடிச்சுக்குது. நீங்க கைதட்டி ரசிக்கிற அந்த "அக்கா வா", தனியா விடப்பட்ட ஒரு உயிர் துணை தேடுற குரல். தன் இறகைத் தானே பிடுங்கிப்போடுற கிளியைப் பார்த்திருக்கீங்களா? அதுக்குத் தனிமையும் மன அழுத்தமும் முக்கியக் காரணங்கள்.

5/ "கூண்டைத் திறந்தாலும் போக மாட்டேங்குது, அவ்வளவு பாசம்." இறக்கையை வெட்டி விட்டுட்டு இப்படிச் சொல்றதுக்கு ஒரு துணிச்சல் வேணும்.

6/ "ஆண்டாள் கையிலயே கிளி இருக்கே டாக்டர்?" இருக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஆண்டாள் கையில இருக்கிறது தினமும் புதுசா இலைகளால செய்யுற கிளி. மூக்குக்கு மாதுளம்பூ. நாச்சியாருக்கே இலைக்கிளி போதும்னா நமக்கு எதுக்கு உயிர்க்கிளி?

7/ ஒரே ஒரு வாதத்துக்கு மட்டும் நான் மரியாதை கொடுப்பேன். "பசங்க வெளிநாட்டுல இருக்காங்க, அம்மாவுக்கு இந்தக் கிளிதான் பேச்சுத்துணை." அந்தத் தனிமை உண்மை. ஓபில தினமும் பார்க்கிறேன். ஆனா அம்மாவோட தனிமைக்கு மருந்து இன்னொரு உயிரைத் தனிமையில அடைக்கிறதா? அம்மாவுக்குத் துணை வேணும்னா முதல்ல நீங்க தினமும் போன் பண்ணுங்க. பறவைதான் வேணும்னா சட்டப்படி வளர்க்கக்கூடிய பட்ஜி (நம்ம ஊர்ல "லவ் பேர்ட்ஸ்"னு விற்கிறது பெரும்பாலும் இதுதான்), காக்டெயில் மாதிரி இருக்கு. ஒன்னு வாங்காதீங்க, ஜோடியா வாங்குங்க. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி மாதிரி வெளிநாட்டு இனங்களுக்கு 2024 விதிகளின்படி அரசுகிட்ட பதிவு கட்டாயம்.

8/ வாங்கினா ஒழுங்கா வளருங்க:
• கூண்டுக்குள்ள இறக்கையை முழுசா விரிச்சு அடிக்க இடம் வேணும். துருப்பிடிச்ச கூண்டு வேண்டாம். கொறிச்சா உடம்புல உலோக நச்சு ஏறும்.
• வெறும் சூரியகாந்தி விதை சாப்பாடு ஆகாது. கொழுப்பு ஏறும், வைட்டமின் ஏ குறையும். கீரை, கேரட், பழம் கொடுங்க. அவகாடோ, சாக்லேட், காபி அதுக்கு விஷம்.
• ராத்திரி 10 முதல் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் வேணும். சீரியல் முடியுற வரைக்கும் ஹால்ல தொங்கவிடாதீங்க.
• சமையலறையில கூண்டு கூடவே கூடாது. நான்-ஸ்டிக் தவா அளவுக்கு மீறிச் சூடானா வர்ற புகை நிமிஷக் கணக்குல பறவையைக் கொன்னுடும். கொசுவர்த்தி, ஊதுபத்திப் புகையும் ஆகாது. பறவை நுரையீரல் காத்துல இருக்கிறதை நம்மைவிட வேகமா உறிஞ்சும். அதனாலதான் பிரிட்டன்ல 1986 வரைக்கும் நிலக்கரிச் சுரங்கத்துல விஷவாயுவைக் கண்டுபிடிக்க கேனரிப் பறவை வெச்சிருந்தாங்க.

9/ இப்ப என் ஏரியா. எந்தப் பறவையா இருந்தாலும் உங்களுக்கும் ரெண்டு ஆபத்து இருக்கு.

ஒன்னு, சிட்டகோசிஸ். காஞ்ச எச்சத்தோட தூசியில வர்ற பாக்டீரியா. காய்ச்சல், கடுமையான தலைவலி, வறட்டு இருமல், அப்புறம் நிமோனியா. 1929-30ல தென் அமெரிக்கக் கிளிகள் மூலமா ஐரோப்பா, அமெரிக்கா வரைக்கும் பரவி பலர் செத்தாங்க. இன்னைக்கு டாக்ஸிசைக்ளின் இருக்கு. ஆனா டாக்டருக்குச் சந்தேகம் வந்தாதானே கொடுப்பார்?

ரெண்டாவது, பறவை வளர்ப்போர் நுரையீரல் நோய். இது கிருமி இல்ல. இறகுத் தூசிக்கும் எச்சத்துக்கும் உங்க உடம்பே காட்டுற எதிர்ப்பு. மாசக்கணக்கா வறட்டு இருமல், மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கும், எடை குறையும். சளியில டிபி இருக்காது. இன்ஹேலருக்கும் சரியா கேட்காது. ஆரம்பத்துலயே பறவையை விட்டு விலகினா நல்லா குறையும். வருஷக்கணக்கா விட்டா நுரையீரல் தழும்பாகிக் கெட்டிப்பட்டுடும். அதைத் திருப்ப முடியாது.

10/ அதனால, இருமலோ மூச்சுத்திணறலோன்னு டாக்டர்கிட்ட போனா, அவர் கேட்காட்டியும் நீங்களா சொல்லுங்க: "வீட்ல பறவை இருக்கு", "மொட்டை மாடியில புறா இருக்கு". கூண்டைக் கழுவும்போது மாஸ்க் போடுங்க. தண்ணி தெளிச்சு ஈரமாக்கிட்டுச் சுத்தம் பண்ணுங்க, காஞ்ச எச்சத்தைக் கூட்டாதீங்க. படுக்கையறையில கூண்டு வேண்டாம். ஆஸ்துமா உள்ளவங்க, எதிர்ப்புச் சக்தி குறைஞ்சவங்க, வயசானவங்க கூண்டைக் கழுவவே வேண்டாம்.

11/ ஏற்கெனவே வீட்ல பச்சைக்கிளி இருக்கா? இதைப் படிச்சுட்டு உணர்ச்சிவசப்பட்டு ஜன்னலைத் திறந்து விட்டுடாதீங்க. இறக்கை வெட்டின, மனுஷன் கையில வளர்ந்த கிளிக்கு இரை தேடத் தெரியாது. காக்காயும் பூனையும் அன்னைக்கே முடிச்சுடும். பக்கத்துல இருக்கிற வனத்துறை அலுவலகத்துல ஒப்படைங்க. பறக்கப் பழக்கி விடுற வேலை அவங்களுடையது.

12/ கிளி பேசுறதைக் கேட்கணுமா? சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போங்க. கூட்டமா கத்திக்கிட்டு மரத்துக்குத் திரும்பும். அதுல ஒரு வார்த்தைகூட உங்களுக்குப் புரியாது. புரியவும் வேண்டாம். அது அதுங்க பேச்சு.