சத்தமில்லாத லெப்டொப்பும் உம்மாவின் நகையும்



பிள்ளை கெம்பஸுக்குத் தெரிவானதும் நகையை விற்று மெல்லிய லெப்டொப் வாங்க ஓடும் பெற்றோரே, கொஞ்சம் நில்லுங்கள். “பாரமில்லை, சத்தமில்லை, ஐ7” என்று கடையில் சொல்வது பொய்யல்ல. சொல்லாமல் விடுவதுதான் பிரச்சினை.

வேலை கூடினால் புரொசஸர் சூடாகும். அந்தச் சூட்டை வெளியே தள்ளும்போது வருவதுதான் ஃபேன் சத்தம். மெல்லிய உடம்பில் காற்றோட்டம் குறைவு. சூடு 100 பாகையை நெருங்கினால் புரொசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஐ7க்குக் கூடக் கொடுத்த காசு அங்கேயே போய்விட்டது. 2020இன் எம்1 முதல் ஃபேனே இல்லாமல் வரும் மெக்புக் எயாரும் நீண்ட, கடும் வேலையில் வேகம் குறையும். அதைப் பாவிக்கும் இடத்தின் வெப்பநிலை 35 பாகைக்குள் இருக்க வேண்டும் என்று அப்பிள் நிறுவனமே சொல்கிறது. மே மாத மத்தியானம், சீட் போட்ட எங்கள் வீடுகளில் எத்தனை பாகை?

அசைன்மென்ட், ஸூம் வகுப்புக்கு மெல்லியது தாராளம். ஆட்டோகேட், வீடியோ எடிட்டிங் என்றால் கொஞ்சம் தடித்த, சத்தம் போடும் ஐ5 மேல். வாங்கமுன் கடையிலேயே அரை மணித்தியாலம் பாரமான வேலை கொடுத்துப் பாருங்கள். விடமாட்டோம் என்றால் எழும்பி வாருங்கள்.

ஃபேன் சத்தம் இரண்டு நாளில் பழகிவிடும். விற்ற நகை திரும்பி வராது.