நம் குடியை யார் ஆராய்வது?

1979இல் அலாஸ்காவின் பாரோ நகரில், இனுபியாட் பழங்குடியினரின் குடிப்பழக்கத்தை வெளியூர் ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். முடிவை 1980 ஜனவரியில், எங்கோ இருக்கிற பிலடெல்பியாவில் பத்திரிகையாளர்களைக் கூட்டி அறிவித்தார்கள். ஊரே குடிநோயில் கிடக்கிறது என்ற செய்தி நியூயார்க் டைம்ஸ் வரை போனது. ஒரு சமூகமே தலைகுனிந்தது.

சேரி என்றாலே குடி என்று பேசும் நாட்டில் வாழும் நமக்கு இது புரியும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அப்போதும் குடித்தவர்மேல் பழிபோடும் பேச்சையே நாம் அதிகம் கேட்டோம். கூலி உழைப்பின் உடல்வலி, கடன், சாராயம் விற்றவர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு ஆகியவற்றை யார் ஆராய்வது?

அமெரிக்காவில் கறுப்பின மாணவர்கள் பெருமளவில் படிக்கும் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் மது ஆய்வு மையமே உருவானது. இங்கும் மருத்துவக் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் கைகோக்கட்டும். ஆனால் மூன்று நிபந்தனைகள்: தலித் மாணவர்களுக்கு உதவித்தொகையோடு ஆய்வுப் பயிற்சி, ஊர் மக்களோடு சேர்ந்து எழுதிய கேள்வித்தாள், முடிவுகள் முதலில் அந்த ஊருக்கு.

தோழர்களே, உங்கள் துறைக்கு அடுத்த ஆய்வுத் திட்டம் வரும்போது இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். தகவல் திரட்ட மட்டும் நம்மை அழைத்தால், மறுத்துவிடுங்கள்.