எண்ணும் இயந்திரமும் எண்ணப்படாத மக்களும்

செயற்கை நுண்ணறிவு என்னும் சொல் இன்று இலங்கையின் அரச மேடைகளிலும் பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களிலும் ஒருங்கே ஒலிக்கின்றது. 2024ஆம் ஆண்டிலே தேசிய செயற்கை நுண்ணறிவு மூலோபாயத்தின் வரைவு வெளியிடப்பட்டது. வறுமை குறையும், வேளாண்மை செழிக்கும், அரச சேவை விரைவுபெறும் என்பன இத்துறை பற்றிப் பேசுவோர் தரும் வாக்குறுதிகள். இவை வேண்டாதவை என்று எவரும் கூறார். ஆயின், ஒரு கருவி மக்களுக்குப் பயன்படுமா என்பதை அக்கருவியின் ஆற்றலை மட்டும் கொண்டு அளந்துவிட முடியாது. அது யாருடைய கையில் உள்ளது, எந்த விதிக்குக் கட்டுப்பட்டது, அது பிழைத்தால் பாதிக்கப்பட்டவர் எங்கே சென்று நியாயம் கேட்பார் என்பனவே முதற் கேள்விகள். இவற்றுக்கு விடைகாண வருங்காலத்தைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. 2023ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த ஒரு நலன்புரித் திட்டத்தை மட்டக்களப்பு வாவிக்கரையில் நின்று நோக்கினாலே போதும்.

புள்ளியிடப்பட்ட வறுமை

2023 யூலை முதல், சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்தில் ‘அஸ்வெசும’ என்னும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. கணக்கெடுப்பாளர் வீடுதோறும் சென்று விவரம் பெற்றனர். கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்னும் 6 பிரிவுகளின் கீழ் 22 குறிகாட்டிகள் வகுக்கப்பட்டன. கணினி அவற்றைக் கூட்டிப் புள்ளியிட்டது. அப்புள்ளியின்படி குடும்பங்கள் நான்கு தரங்களாகப் பிரிக்கப்பட்டன. தொடக்கத்தில் மிக வறியோருக்கு மாதம் 15,000 ரூபா, வறியோருக்கு 8,500 ரூபா, பாதிப்புறும் நிலையில் உள்ளோருக்கு 5,000 ரூபா, இடைநிலையினருக்கு 2,500 ரூபா என வகுக்கப்பட்டது. 37 இலட்சம் அளவிலான குடும்பங்கள் விண்ணப்பித்திருந்தன. பட்டியல் வெளிவந்ததும் நாடெங்கும் முறைப்பாடு எழுந்தது. 9 இலட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் வந்து குவிந்தன. விண்ணப்பித்த நால்வரில் ஒருவர் அளவுக்குத் தம்மைப் பற்றிய கணிப்பை மறுத்துரைக்கும் நிலை ஏற்படுமாயின், அக்கணிப்பைச் சிறு தவறு என்று ஒதுக்கிவிடல் இயலாது.

இது செயற்கை நுண்ணறிவு அன்று. பள்ளி மாணவரும் விளங்கிக்கொள்ளத்தக்க கூட்டற் கணக்கே. ஆதலாலேயே இவ்வுதாரணம் கூர்ந்து நோக்கத்தக்கது. கூட்டற் கணக்கின் முடிவுக்கே ஓர் ஏழைத் தாய்க்குக் காரணம் கூற இயலாத நிருவாகம், தானே கற்றுத் தானே நிறைகளை மாற்றிக்கொள்ளும் இயந்திரத்தின் முடிவுக்கு எவ்வாறு காரணம் கூறும்?

வாவிக்கரையில் ‘சொத்து’ என்பது யாது?

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளும் மட்டக்களப்பு வாவி இம்மாவட்டத்தை இரு கரைகளாகப் பிரிக்கின்றது. ஞாயிறு எழும் பக்கம் எழுவான்கரை. படும் பக்கம் படுவான்கரை. எழுவான்கரையில் நகரமும் நெடுஞ்சாலையும் வைத்தியசாலைகளும் நெருங்கி அமைந்தன. படுவான்கரையில் வயலும் மேய்ச்சல் நிலமும் பரந்து கிடக்கின்றன. 2014ஆம் ஆண்டு மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை கொக்கட்டிச்சோலைப் பகுதி மக்கள் அத்துறையில் இயந்திரப் படகுக்குக் காத்திருந்தே அக்கரை சேர்ந்தனர்.

இக்கரைகளில் வாழ்வோரின் வருமானம் மாதச் சம்பளம் போன்று சீராக வருவதன்று. மாரியில் வாவி பெருகும்போது இறாலும் மீனும் ஒரு விதமாகப்படும். கோடையில் நீர் வற்றி உவர்ப்பு ஏறும்போது வேறு விதமாகப்படும். விதைப்பிலும் அறுவடையிலும் கூலி உண்டு. இடையிலுள்ள மாதங்களில் கடன் உண்டு. ஒரே குடும்பம் தை மாதத்தில் வறுமைக்கோட்டுக்கு மேலும் ஆவணியில் அதற்குக் கீழும் நிற்கும். கணக்கெடுப்பாளர் வந்த மாதம் எதுவோ அதுவே அக்குடும்பத்தின் நிரந்தர நிலையாகப் பதிவாகிவிடுமாயின், அப்பதிவை உண்மை எனக் கொள்ள இயலாது.

வீட்டை எடுத்துக்கொள்வோம். 2004ஆம் ஆண்டின் கடற்கோளுக்குப் பின்னரும், போருக்குப் பின்னரும், வெளிநாட்டு உதவியாலும் இந்திய வீடமைப்புத் திட்டம் போன்றவற்றாலும் இப்பிரதேசத்திலே கல்வீடுகள் எழுந்தன. ஓடு வேய்ந்த கூரையும் சீமெந்துச் சுவரும் மின்னிணைப்பும் கொண்ட அவ்வீடு, உள்ளே அடுப்பு எரிகின்றதா என்பதைக் கூறாது. அவ்வீடு கிடைத்தமைக்குக் காரணமே அக்குடும்பம் யாவற்றையும் இழந்தமைதான். இழப்புக்கு ஈடாகக் கிடைத்த கூரையைச் செல்வத்தின் சான்றாகக் கொள்ளும் கணக்கு, துன்பத்தை இருமுறை சுமத்துகின்றது. படுவான்கரைப் பட்டியில் நிற்கும் மாடும் இத்தகையதே. ஏட்டில் அது சொத்து. வரட்சியில் பால் வற்றிய பின் அதற்குத் தீனி தேடுவதே ஒரு செலவு. போரிலே கணவனை இழந்து தனித்து நிற்கும் பெண்ணின் பெயரில் காணி இருக்கலாம். அதை உழுவிக்க அவளிடம் பணம் இல்லாதிருக்கலாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று கிழவிகள் சொல்வதை, கொழும்பிலே குறிகாட்டி வகுத்தோரிடம் எவர் சொல்வது?

நடுநிலை என்னும் மாயை

இத்தகைய முறைகளை ஆதரிப்போர் ஒரு வலுவான வாதத்தை முன்வைப்பர். பழைய முறையிலே அரசியல்வாதியின் தயவும் கட்சிச் சார்பும் பயனாளிகளைத் தீர்மானித்தன என்றும், இயந்திரத்துக்குச் சாதியும் கட்சியும் இல்லை என்றும் அவர் கூறுவர். முதற் கூற்றில் உண்மை உண்டு. சமுர்த்திப் பட்டியலிலே தகுதியற்றோர் இடம்பெற்றமையும் தகுதியுடையோர் விடுபட்டமையும் மறைக்கத்தக்கன அல்ல. ஆயின், இரண்டாவது கூற்று முதலாவதிலிருந்து பிறக்காது. எதை எண்ணுவது, எதை விடுவது, எதற்கு எத்தனை புள்ளி என்பவற்றை இயந்திரம் தீர்மானிப்பதில்லை, மனிதரே தீர்மானிக்கின்றனர். சார்பு ஒழிந்துவிடவில்லை; கிராமத்திலிருந்து தலைநகருக்கு இடம்பெயர்ந்துள்ளது. முன்னர் அது கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது எண்ணுக்குள் ஒளிந்துகொண்டது.

சூத்திரத்தால் வாழ்வு நிர்ணயிக்கப்படுவதன் பொருளைத் தமிழ் மாணவருக்கு விளக்க வேண்டியதில்லை. 1970களின் தரப்படுத்தல் இன்னும் மறக்கப்படவில்லை. அண்மைய சான்றும் உண்டு. 2011ஆம் ஆண்டு க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குப் பழைய, புதிய பாடத்திட்டங்களில் தோற்றிய இரு வேறு மாணவர் தொகுதியினரையும் ஒன்றாகக் கலந்து இசட் புள்ளி கணிக்கப்பட்டது. 2012இல் உயர் நீதிமன்றம் அதனைச் செல்லாதாக்கி, மீளக் கணிக்கப் பணித்தது. கணித முறை தன்னளவில் பிழையன்று. அதைப் பிரயோகித்த விதமே பிழை. அதை வெளிக்கொணர முடிந்தமைக்குக் காரணம், சூத்திரம் யாவரும் அறிந்ததாக இருந்தமையும், மாணவரும் பெற்றோரும் நீதிமன்றை நாடத்தக்க வலிமை பெற்றிருந்தமையுமே. ஒரு குடும்பத்தின் வறுமைப் புள்ளிக்காக உயர் நீதிமன்றம் செல்லும் வலிமை வலைவீசி வாழ்வோருக்கு உண்டா?

பிறநாட்டு அனுபவமும் இதனையே உணர்த்துகின்றது. அவுஸ்திரேலியாவில் ‘ரோபோடெற்’ எனப்பட்ட முறை, ஒருவரது ஆண்டு வருமானத்தை இருவாரப் பகுதிகளாகச் சமமாகப் பங்கிட்டு, உதவிப்பணம் அதிகம் பெற்றதாகக் கூறி இலட்சக்கணக்கானோர் மீது கடன் சுமத்தியது. பருவத்துக்குப் பருவம் வேலைசெய்தோரே அதில் அகப்பட்டனர். அம்முறை சட்டவிரோதமானது என்பது பின்னர் நிறுவப்பட்டது. 2023இல் விசாரணை ஆணைக்குழு அதனைக் கடுமையாகக் கண்டித்தது. செல்வந்த நாட்டின் கணினியே சீரற்ற வருமானத்தைச் சீராகக் கற்பனை செய்து ஏழையைக் கடனாளியாக்கியது என்றால், மாரிக்கும் கோடைக்கும் இடையே ஊசலாடும் வாவிக்கரை வாழ்வை நம் கணினி செவ்வனே அறிந்துவிடும் என எவ்வாறு நம்புவது? நெதர்லாந்திலே பிள்ளைப் பராமரிப்பு உதவி பெற்ற பெற்றோர் பல்லாயிரவர் மோசடிக்காரராகத் தவறாகக் குறிக்கப்பட்டனர். 2021 சனவரியில் அரசாங்கமே பதவி விலகியது. தெலங்கானாவிலே கணினிப் பொருத்தத்தின் அடிப்படையிற் குடும்ப அட்டைகள் பெருந்தொகையாக நீக்கப்பட்டன. 2022இல் இந்திய உச்ச நீதிமன்றம் அவற்றைக் களத்திலே மீளச் சரிபார்க்குமாறு பணித்தது. மூன்று நாடுகளிலும் இயந்திரம் விரைந்து பிழைத்தது; மனிதர் மெதுவாகத் திருத்தினர்.

மேன்முறையீடு உண்டு அல்லவா என்று சிலர் கேட்பர். உண்டு. ஆயின் அதன் விலையை அவர் எண்ணுவதில்லை. வெல்லாவெளிப் பக்கத்துக் கூலித் தொழிலாளி பிரதேச செயலகத்துக்கு ஒருநாள் சென்றுவந்தால் ஒருநாட் கூலி போயிற்று. தன் புள்ளி எதனாற் குறைந்தது என்பதை அறியாதவர் எதனை மறுத்து எழுதுவார்? காரணம் கூறப்படாத முடிவின் மேல் மேன்முறையீடு என்பது இருட்டறையிற் கல்லெறிவதாகும்.

முகத்துவாரம் கற்பிக்கும் பாடம்

பொது முடிவு எவ்வாறு எடுக்கப்படல் வேண்டும் என்பதற்கு வாவியே ஒரு பாடம் வைத்திருக்கின்றது. மாரிமழை பெருகும்போது முகத்துவாரத்தை அடைத்து நிற்கும் மணற்றிட்டு வெட்டப்படுகின்றது. வெள்ளத்தில் மூழ்கும் வயலுக்கு உரியவன் உடனே வெட்டு என்பான். மீனும் இறாலும் கடலோடு போய்விடும் என அஞ்சும் மீனவன் பொறு என்பான். இருவர் வாழ்வும் ஒரு வெட்டில் தங்கியுள்ளது. அம்முடிவு எப்போதும் சரியாக அமைந்தது என்பதற்கில்லை. ஆயினும், முடிவெடுப்பவர் யார் என்பது தெரியும். அவர்முன் சென்று வாதிடலாம். வெட்டியதன் விளைவை இருதரத்தாரும் கண்ணாற் காணலாம். அடுத்த மாரியில் அவ்வனுபவத்தை எடுத்துக்காட்டலாம். கருவி மண்வெட்டியா மண்வாரி இயந்திரமா என்பது அங்கே பிரச்சினை அன்று. முடிவுக்கு முகம் உண்டு என்பதே முக்கியம். தொழில்நுட்பக் கொள்கைக்கு வேண்டப்படுவதும் இதுவே.

கொள்கை கூறவேண்டியது

இதனால் இயந்திரத்தை முற்றாக வெறுத்தொதுக்க வேண்டும் என்பது பெறப்படாது. 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியையும், 2004இல் எச்சரிக்கை எதுவுமின்றி வந்த கடலலையையும் கண்ட மண் இது. வெள்ளத்தையும் புயலையும் முன்கூட்டி அறிவதற்கும், வாவி நீரின் மாசை அளப்பதற்கும், எழுத்தறியாதவருக்கு அரச படிவத்தைத் தமிழிலே வாசித்து விளக்குவதற்கும் புதிய கணினி நுட்பம் பயன்படுமாயின் அதனை வரவேற்பதே அறிவுடைமை. ஏழையைச் சோதிப்பதற்கு முந்துகின்ற இயந்திரம் ஏழையைக் காப்பதற்கு ஏன் பிந்துகின்றது என்பதே கேட்கவேண்டிய வினா.

கொள்கை எனப்படுவது குறைந்தது நான்கு கடப்பாடுகளை அரசின்மீது சுமத்தல் வேண்டும். முதலாவது, பொதுமக்களின் உரிமையைத் தீர்மானிக்கும் எந்தச் சூத்திரமும் தமிழிலும் சிங்களத்திலும் முழுமையாக வெளியிடப்படல். இரண்டாவது, மறுக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் மறுப்பின் காரணம் அவர்தம் மொழியில் எழுத்துமூலம் வழங்கப்படல். மூன்றாவது, கணினியின் முடிவை மாற்றும் அதிகாரமுடைய மனித அலுவலர் ஒருவர் பிரதேச மட்டத்தில் இருத்தல்; கையொப்பமிட மட்டும் அமர்த்தப்பட்டவர் அல்லர், மாற்றவும் வல்லவர். நான்காவது, நாடளாவிய நடைமுறைக்கு முன்னர் படுவான்கரைக் கிராமம் ஒன்றிலும், காத்தான்குடி அல்லது ஏறாவூர் போன்ற நெருக்கமான நகர்ப்புறம் ஒன்றிலும், தோட்டப் பகுதி ஒன்றிலும் அதனைப் பரீட்சித்து, அவ்வூர் மக்கள் முன்னிலையிற் பிழைகளை ஆராய்தல்.

இவை எட்டாத கனவுகள் அல்ல. 2020ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டு அரசு செயற்கை நுண்ணறிவின் பாதுகாப்பும் அறமும் பற்றிய கொள்கையை வெளியிட்டது. 2024இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியச் சட்டம், அரச உதவிக்குத் தகுதியைத் தீர்மானிக்கும் முறைமைகளை உயர் ஆபத்து உடையவையாக வகைப்படுத்தியது. இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், இயந்திரம் மட்டுமே எடுத்த முடிவை மீளாய்வு செய்யுமாறு கோரும் உரிமை பற்றிப் பேசுகின்றது. ஆயின் அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த நிலையிற் பிற்போடப்பட்டன. குடிமகனைப் புள்ளியிடும் கருவி காலந்தாழ்த்தாது வருகின்றது. குடிமகனைக் காக்கும் சட்டம் காத்திருக்கின்றது. ஆட்சியின் மனப்பாங்கை அறிய இதனினும் சான்று வேண்டுமோ?

கற்றோரின் கடன்

பல்கலைக்கழகங்களும் இப்பழியிற் பங்குடையன. வந்தாறுமூலையில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக வளர்ந்த நிறுவனம் வாவியிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ளது. கணினியியல் கற்போர் அயல்நாட்டு வேலைவாய்ப்பை நோக்கிக் கற்கின்றனர். தமிழ் கற்போர் கணினியைத் தமக்குப் புறம்பானது எனக் கருதுகின்றனர். இவ்விரு சாராருக்கும் இடையே ஏழையின் படிவம் எவராலும் வாசிக்கப்படாது கிடக்கின்றது.

காரைதீவிலே 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள் இப்பிரிவினையை ஏற்றவர் அல்லர். அறிவியலிலே பட்டம் பெற்ற அவர், 1930களில் சென்னையில் தமிழ்க் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கினார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். புதிய அறிவு தமிழிலே பேசவேண்டும் என அவர் உழைத்தது அகராதிக்குச் சொற்கூட்டுவதற்காக மட்டும் அன்று. தமிழ் பேசும் மனிதன் அவ்வறிவின் முன் ஊமையாக நிற்கலாகாது என்பதற்காகவுமே. அவர் பிறந்த கரையிலே இன்று ஒரு தாய், தன்னை ஏழை அல்லள் என்று கணினி ஏன் கூறிற்று எனக் கேட்கின்றாள். அவளுக்கு விடை தெரிந்தவர் எவரும் இல்லையாயின், அறிவு தமிழுக்கு வந்துசேர்ந்தது என்று கூறுவதற்கில்லை.

வறுமையை அளக்க விரும்பும் அரசு முதலில் தன் அளவுகோலை மக்கள்முன் வைக்கட்டும். அதனைத் தொட்டுப் பார்க்கவும், வளைவு கண்டால் சுட்டிக்காட்டவும், முறிந்தால் மாற்றக் கோரவும் வாவிக்கரை மக்களுக்கு உரிமை இருக்கட்டும். அவ்வுரிமை சட்டமாகி நடைமுறைக்கு வரும்வரை, எத்துணை நுண்ணறிவு கொண்ட இயந்திரமாயினும் அது பொதுநலனுக்கு உரியது என ஏற்றல் ஆகாது.