சைட் டவுன் இல்ல மக்களே... பிளாக்!

நம்ம பொதட்டூர்பேட்டையில விசைத்தறி நின்னா என்ன செய்வோம்? முதல்ல கரண்ட் இருக்கான்னு பார்ப்போம். அப்புறம் பியூஸ், மோட்டார், பெல்ட். எல்லாம் சரின்னா பாவைப் பார்ப்போம். நூல் தானா அறுந்ததா, யாராவது அறுத்தாங்களான்னு நெசவாளி கண்ணுக்குத் தெரிஞ்சிடும்.

இணையதளத்துக்கும் அதே கணக்குதான். ஆனா இங்க அறுத்தவன் கையைக் காட்டுறதில்ல.

2025 பிப்ரவரி 15 ஞாபகம் இருக்கா? விகடன் இணையதளம் பல பேருக்குத் திறக்கவே இல்லை. நெட் ஸ்லோ, போன் பழசு, அவங்க சர்வர் படுத்துடுச்சு... இப்படித்தானே நினைச்சீங்க?

நடந்தது இதுதான். பிப்ரவரி 5 அன்று அமெரிக்கா 104 இந்தியர்களை ராணுவ விமானத்தில் அமிர்தசரஸுக்குத் திருப்பி அனுப்பியது. பலருக்குக் கையிலும் காலிலும் விலங்கு. அதை வைத்து, பிரதமர் மோடி விலங்கோடு டிரம்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல விகடன் பிளஸ் இணைய இதழில் ஒரு கார்ட்டூன் வந்தது. அப்போதைய தமிழக பாஜக தலைவர் அண்ணாமலை புகார் கொடுத்தார். தளம் முடங்கியது. முறையான அறிவிப்பு எதுவும் வரவில்லை என்று அப்போது விகடன் சொன்னது.

ஒரு கார்ட்டூனுக்கு மொத்தத் தளத்தையும் மூடுவதா? ஒரு இழை பிடிக்கலன்னு தறியையே தூக்கிட்டுப் போற வேலை இது.

இனி ஒரு தளம் திறக்கலன்னா நீங்களே சோதிச்சுப் பாருங்க:

1. மற்ற தளங்கள் திறக்குதா? இல்லன்னா கோளாறு உங்க போன்லயோ நெட்லயோதான்.

2. 404, 500, 503 மாதிரி எண் வருதா? பெரும்பாலும் அந்தப் பக்கம் சர்வர் பதில் சொல்லுதுன்னு அர்த்தம். அது கோளாறு, சரியாகிடும்.

3. எண்ணே இல்லாம 'இணைப்பு துண்டிக்கப்பட்டது'ன்னு மட்டும் வருதா? வேற கம்பெனி சிம்ல பாருங்க. சிங்கப்பூர், துபாய்ல இருக்கிற சொந்தக்காரங்களைத் திறந்து பார்க்கச் சொல்லுங்க. அங்க திறந்து இங்க மட்டும் திறக்கலன்னா சந்தேகப்படுங்க. நேரம் தெரியுற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க.

எப்படி மறிக்கிறாங்க? தளத்தின் பெயரைக் கேட்டு முகவரி சொல்ற டெலிபோன் டைரக்டரி மாதிரிதான் டிஎன்எஸ். அதுல தப்பான முகவரி கொடுக்கலாம். இல்லன்னா, கடிதம் பூட்டியிருந்தாலும் கவர் மேல இருக்கிற தளத்தின் பெயரைப் படிச்சு, நடுவழியில இணைப்பை வெட்டலாம். ரெண்டிலயும் உங்களுக்குத் தெரியறது 'சைட் டவுன்' மட்டும்தான்.

இதுக்குன்னே 2016-ல் உலக அளவில் ஒரு எண் வந்தாச்சு: 451. 'சட்டக் காரணத்தால் தடை' என்று அர்த்தம். புத்தகங்களை எரிக்கும் ஒரு அரசைப் பற்றி ரே பிராட்பரி எழுதிய நாவலின் பெயரிலிருந்து எடுத்த எண். தடை செய்பவர் அதைக் காட்டிவிட்டே செய்யலாம். ஏன் காட்டுவதில்லை?

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு, நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, வெளிநாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்குத்தான் தடையை அனுமதிக்கிறது. பிரதமரைக் கிண்டல் செய்வது அந்தப் பட்டியலில் இல்லை. 2015-ல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை ஏற்றபோது, காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், அதை நீதிமன்றத்தில் எதிர்க்க முடியும் என்பதைச் சுட்டிக்காட்டியது. ஆனால் 2009 விதிகளோ தடைக் கோரிக்கையை ரகசியமாக வைக்கச் சொல்கின்றன. கையில் கிடைக்காத உத்தரவை எப்படி எதிர்ப்பது?

விகடன் பெரிய நிறுவனம், நீதிமன்றம் போனது. மார்ச் 6 அன்று, அந்தக் கார்ட்டூனைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் தளத்தைத் திறக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குள் கிட்டத்தட்ட 3 வாரம் போய்விட்டது. உள்ளூர்ப் பிரச்சினையை எழுதுற ஒரு சின்னத் தளமா இருந்தா? வக்கீல் ஃபீஸுக்கு எங்க போவான்?

1987-லும் இதே விகடன் ஒரு அட்டைப்பட நகைச்சுவைக்காகத் தண்டிக்கப்பட்டது. ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனைச் சட்டப்பேரவை சிறைக்கு அனுப்பியது. அது அநியாயம்தான். ஆனால் தண்டித்தவர் யார் என்று ஊருக்கே தெரிந்தது. இன்று தண்டிப்பவர் முகத்தை மூடிக்கொண்டு, பழியை உங்கள் போன் மேல் போடுகிறார்.

நாங்கள் கேட்பது மூன்றே மூன்று. தடை என்றால் திரையில் 'தடை' என்று சொல்லுங்கள். உத்தரவையும் காரணத்தையும் வெளியிடுங்கள். பிரச்சினை ஒரு பக்கம் என்றால் அந்தப் பக்கத்தோடு நிறுத்துங்கள். எந்த ஆட்சி வந்தாலும் இதுதான் நியாயம்.

அடுத்த தடவை ஒரு தளம் திறக்கலன்னா, போனைத் திட்டுறதுக்கு முன்னாடி இந்தப் பதிவை நினைச்சுக்கோங்க. பகிருங்க.

#டவுன்இல்லபிளாக்

தகவல் தொழில்நுட்ப அணி, பொதட்டூர்பேட்டை